மாதிரியின் மூன்றாம் பங்கு

என் மனைவி தைலம்மாளை நான் கடைசியாக நடமாட்டத்தோடு பார்த்தபோது, யூரியாவுடன் வந்த ஆய்வாளருக்கு அவள் இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது யூரியா வாங்கினால் ஓர் ஆய்வாளரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தனியாகத் தர மாட்டார்கள். அதற்கு முன்பு மூட்டையோடு துத்தநாகப் பொட்டலத்தைத் தலையில் கட்டினார்கள். பிறகு கடற்பாசிக் குருணை. பிறகு பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர். அது எதற்கு என்று விற்றவருக்கும் தெரியாது, பயிரும் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சரக்கெல்லாம் தீர்ந்தபோது மிச்சம் இருந்தவர்கள் ஆய்வாளர்கள்தான். உரக் கம்பெனிகளைக் கண்காணிக்க அரசாங்கம் அவர்களை நிறைய எடுத்து வைத்திருந்தது. அவர்கள் ஜீப்பில் கிளம்பி, கடை கடையாக ஏறி இறங்கி, டீ குடித்துத் திரும்புவதில் எவ்வளவு டீசல் வீணாகிறது என்று கம்பெனிக்காரர்கள் மேலிடத்தில் எடுத்துச் சொன்னார்கள். சரக்கு போகிற லாரியிலேயே கண்காணிப்பும் போய்விட்டால் நாட்டுக்கு மிச்சம். மேலிடத்துக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து ஆய்வாளர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். வழியில் மழை பிடித்தால் தார்ப்பாய் முதலில் மூட்டைக்கு.

உரக்கடை சடகோபன் என்னைவிட இளையவர். கடை வாசலில் நின்றுகொண்டிருந்த ஆய்வாளர்களைக் காட்டினார்.

"நான் என்ன பண்றதுண்ணே? சேர்த்துத்தான் இறக்குறாங்க. ரெண்டு மூட்டைக்கு ஒரு சார்."

"போன தடவை நீ குடுத்த பொட்டலமே பரண்ல கிடக்குதுய்யா."

"பொட்டலம் சோறு கேக்காது, இது கேக்கும். பார்த்து எடுத்துக்குங்க."

ஒல்லியாக இருந்த ஒருவரை எடுத்தேன். குறைவாகச் சாப்பிடுவார் என்று நினைத்தேன். பெயர் குணாளன். மொபெட்டில் முன்னால் மூட்டைகளை அடுக்கிப் பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். ஈரம் படாமல், தரையில் படாமல், பலகை போட்டு வைக்க வேண்டும் என்று சடகோபன் சொல்லியிருந்தார். அது மூட்டைக்கா ஆய்வாளருக்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் பலகை போட்டோம்.

ஒல்லியானவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பது தவறு. முதல் நாளே தைலம்மாள் சோற்றுப் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"யூரியாவுக்கு வாய் இல்லாத அருமை இத்தனை நாளா தெரியாம இருந்துட்டேன்."

குணாளன் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை நான் இப்போதும் சொல்வேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். காலையில் எழுந்து குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, எங்கள் பின்னாலேயே வயலுக்கு வருவார். கம்பெனியைக் கண்காணிப்பதுதான் அவருடைய வேலை. ஆனால் கம்பெனி அங்கே இல்லை, நாங்கள் இருந்தோம். அதனால் எங்களைக் கண்காணித்தார்.

அந்த வருடம் பருத்தியில் வெள்ளை ஈ அடித்தது. இலையைத் திருப்பினால் மாவு கொட்டியதுபோல் இருந்தது. அதே கம்பெனியின் மருந்து ஒரு புட்டி வாங்கி வந்தேன். குணாளன் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த தாளை முழுவதும் உரக்கப் படித்தார். நுகர்ந்தால் தலைசுற்றல் வரும். கண்ணில் நீர் வடியும். வாந்தி வரும், மூச்சு இறுகும். படித்துவிட்டு, எல்லாம் முறையாக இருக்கிறது என்றார். தாளில் ஓர் ஆள் படமும் இருந்தது. கையுறை, முகமூடி, கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ்.

"இந்த முகமூடி எங்க சார்?" என்று தைலம்மாள் கேட்டாள்.

"அதான் போட்டிருக்காரேம்மா."

"அவரு போட்டிருக்காரு. எனக்கு?"

"போட்டிருக்கிற மாதிரி படம் இருக்கணும்னுதான் விதி. படம் இருக்கு."

"அப்ப அந்தப் படத்துல இருக்கிறவனையே வந்து அடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. ஒரு வாய் சோறு கூட வேணா போடுறேன்."

வழக்கமாக நான் மருந்து அடிப்பேன், அவள் தண்ணீர் சுமந்து கலக்கித் தருவாள். குணாளன் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் சும்மா நிற்பது விரயம் என்றார். வயிற்றைக் கட்டி வேலை செய்கிறவர்களிடம் விரயம் என்ற சொல்லைச் சொன்னால் அவர்களுக்கு உடனே கூச்சம் வந்துவிடும். தைலம்மாள் பக்கத்துக் கொல்லையிலிருந்து இன்னொரு டேங்க் இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். காற்று திசை மாறி மாறி அடித்தது. வேலை பாதி நேரத்தில் முடிந்தது. குணாளனுக்குத் திருப்தி.

முடிந்ததும் காலிப் புட்டியை மூன்று தடவை அலசி, ஓட்டை போட்டுப் புதைக்கச் சொன்னார். தாளில் அப்படித்தான் இருந்தது. அலசினோம். அலசிய தண்ணீரையும் விரயம் செய்யாமல் டேங்கில் ஊற்றித் தைலம்மாளே கடைசிப் பாத்தியில் அடித்தாள். நான் குழி தோண்டிப் புட்டியைப் புதைத்தேன். தாள் ஈரத்தில் கரைந்துபோனது.

வீட்டுக்கு வந்து, குளித்து, சமைத்து, அவருக்கு இலை போட்டாள். இரண்டாம் தடவை ரசம் ஊற்றியபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து கரண்டியில் விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டு நார்க்கட்டிலில் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு சாய்ந்தாள்.

நான் ஆட்டோவுக்கு ஓடத் திரும்பினேன். குணாளன் கை கழுவிவிட்டு வந்து வாசலை மறித்து நின்றார். முரட்டுத்தனமாக இல்லை. மன்னிப்புக் கேட்கிறவர் நிற்பதுபோல் நின்றார்.

"எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. வழியை விடுங்க சார்."

"என்ன மருந்துன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"புட்டியைத் தோண்டி எடுத்துட்டுப் போறேன்."

"மூணு தடவை அலசியாச்சு. அதுல ஒண்ணும் இல்ல. இப்ப அந்த மருந்து மிச்சம் இருக்கிறது அம்மாகிட்ட மட்டும்தான்." அவர் தைலம்மாளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா குளுக்கோஸ் ஏத்துவாங்க. மாதிரி நீர்த்துப்போயிடும். கலப்படம்னு ஆயிடும். முதல்ல சாம்பிள் எடுத்துடறேன். அதுக்குத்தான் என்னை உங்ககூட அனுப்பியிருக்காங்க."

உயிர் போகிறது என்று சொன்னேன். அதனால்தான் அவசரம் என்றார்.

மாதிரி எடுப்பதற்குச் சட்டம் இருந்தது. எதை எடுத்தாலும் சமமாக மூன்று பங்கு போட்டு, மூன்று உறைகளில் அரக்கு வைத்து மூட வேண்டும். ஒரு பங்கு சோதனைக் கூடத்துக்கு, ஒரு பங்கு கம்பெனிக்கு, ஒரு பங்கு யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்களுக்கு. சாட்சி வேண்டும். சாட்சியாகச் சடகோபனை வரவழைத்தார். அவர் கடைக்கு ஷட்டர் இறக்கிவிட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்து நின்றார்.

தைலம்மாளுக்கு நினைவு இருந்தது. மூன்று உறைகளையும் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். அதுவரை அவரை சார் என்றுதான் சொல்லிவந்தாள். "மூணாப் பிரிச்சா நான் எதுலப்பா இருப்பேன்?"

குணாளன் நேர்மையாக யோசித்தார். "சட்டத்துல அது இல்லம்மா," என்றார்.

"உங்க சட்டத்துல சோறு மட்டும் இருக்குது."

அவள் சொன்னதெல்லாம் முதல் உறையில். செய்ததெல்லாம் இரண்டாவதில். பட்டதெல்லாம் மூன்றாவதில். அவர் கை நடுங்காமல் பிரித்தார், ஒரு பொட்டுக் கூடக் குறையவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்ததால் முதல் உறையை மூடுவது கஷ்டமாக இருந்தது. "அடுப்புல பால்" என்று ஆரம்பித்தபோது அரக்கு விழுந்தது. நான் போய்ப் பார்த்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. திரும்பி வந்தபோது கட்டிலில் யாரும் இல்லை. சடகோபன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது உறை என்னுடையது. தொட்டால் சுட்டது. நெஞ்சோடு வைத்துக்கொண்டால் எனக்கு மூச்சு இறுகியது, கண்ணில் நீர் வந்தது. அவளுடைய பங்கு அது. நான் அதை அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆடுகள் அந்த அறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன.

முடிவு வந்ததும் தைலம்மாளைச் சேர்த்துத் தந்துவிடுவார்கள் என்று குணாளன் சொன்னார். மருந்தில் குற்றம் இருந்தால் மூன்று பங்கும் ஒன்றாகத் திரும்பி வரும். ஒட்டு மட்டும் கொஞ்சம் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றேன். அவருக்கு நானே சமைத்துப் போட்டேன். உப்பு கூடிவிட்டது என்று ஒருநாள் சொன்னார்.

வெண்டைக்காய் இரண்டு பறிப்பு முடிந்த பிறகு முடிவு வந்தது. தரமானது.

"எப்படி?" என்று கேட்டேன்.

குணாளன் பலகையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். சோதனைக் கூடத்தில் முதல் உறையைத் திறந்திருக்கிறார்கள். தைலம்மாளின் பேச்சு வெளியே வந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறது. தலை சுற்றியது, கண்ணில் நீர் வடிந்தது, வாந்தி வந்தது, மூச்சு இறுகியது. அவர்கள் அதைப் புட்டியின் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வரிக்கு வரி பொருந்தியது. தாளில் என்ன போட்டிருந்ததோ அதையே மருந்து செய்திருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு துல்லியமான சரக்கை அவர்கள் பார்த்ததில்லையாம்.

"அவ செத்துட்டா சார்."

"அது தாள்லயே இருக்குண்ணே. கீழ, சிவப்புல."

வலி வேறு உறையில் இருந்ததால், அவள் பேச்சைக் கேட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் கம்பெனிக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். வாசலில் பூச்செடிகள் நன்றாக இருந்தன, ஒரு பூச்சி இல்லை. மேலாளர் நிர்மல் என்பவர் என்னை மரியாதையாக உள்ளே அழைத்துப் போனார். அவருக்குத் தைலம்மாளைப் பற்றிப் பெருமை இருந்தது. கண்ணாடித் தடுப்பு வழியாகக் காட்டினார். பெல்ட்டில் புட்டிகள் வரிசையாக வந்தன. ஆள் இல்லாமலே மருந்து ஊற்றப்பட்டது, மூடி திருகப்பட்டது, தாள் கோணாமல் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு மூடியையும் திருகி முடித்த பிறகு ஒரு தட்டு விழுந்தது. அது அவள்தான். ஊறுகாய் ஜாடியோ எண்ணெய்ப் புட்டியோ, எதை மூடினாலும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டாமல் விடமாட்டாள்.

"தைலா," என்று கூப்பிட்டேன்.

பெல்ட் நிற்கவில்லை. காது கேட்பது எந்த உறையில் போனது என்று எனக்குத் தெரியாது.

"பேச்சு கிடையாது, வலி கிடையாது, வேலை மட்டும்," என்றார் நிர்மல். "இப்படி ஒரு ஆள் எங்களுக்குக் கிடைச்சதே இல்லீங்க. மத்தவங்களுக்கு இவங்களைத்தான் காட்டுறோம்."

"அவளைக் குடுத்துடுங்க."

"பெரியவரே, முடிவு தரமானதுன்னு வந்தாச்சு. தேறின மாதிரி கம்பெனிக்குச் சேரும்."

"நாப்பது வருசம் எனக்குச் சோறு போட்ட கை அது."

"அதான் நல்லாப் பழகியிருக்கு."

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. காவலாளிகள் என்னைப் பிரித்தபோது நிர்மல் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கோபம் உடம்புக்கு ஆகாது என்றார். வெளியே கொண்டுவந்து விட்டவர்கள் பஸ் வரும்வரை என்னோடு நின்றார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அது கம்பெனிப் புட்டியில் இருந்ததால் நான் குடிக்கவில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. மூன்றாவது உறையை மேல்வாரியத்தின் முன் திறக்கலாம். அது அளவுக்கு மீறி இருந்தால் பழைய முடிவு செல்லாது, இரண்டு பங்கையும் என்னிடம் தர வேண்டும். ஆனால் சோதித்தால் மூன்றாவது பங்கு தீர்ந்துவிடும் என்று குணாளன் எச்சரித்தார்.

"அப்ப அவ பேச்சோட வருவா, வேலையோட வருவா. வலி மட்டும் இருக்காது?"

"இருக்காது."

அதில் யோசிக்க என்ன இருக்கிறது. அரிசிப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டேன். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முதலில் என்ன திட்டுவாள் என்று யோசித்துக்கொண்டு போனேன். பாலைப் பற்றித்தான் கேட்பாள் என்று தோன்றியது.

வாரியத்தில் நீளமான மேசை. தலைவி நரைத்த தலையோடு நடுவில் இருந்தார். உறுப்பினர்கள் இருபுறமும். கம்பெனி வக்கீல் ஓரத்தில். முத்திரை உடையாமல் இருப்பதை எல்லோரும் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார்கள். பிறகு உடைத்தார்கள்.

தலைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உறுப்பினர் ஒருவர் குப்பைக்கூடையைத் தேடி அதில் வாந்தி எடுத்தார். வக்கீல் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோர் கண்ணிலும் நீர் கொட்டியது. யாருக்கும் மூச்சு விட முடியவில்லை. அங்கே நேராக நின்றது நான் ஒருவன்தான். அவளுக்கு அன்று எப்படி இருந்தது என்று உலகத்தில் சிலருக்காவது தெரிந்துவிட்டது. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பாவம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

மெதுவாக அது அடங்கியது. தலைவி மூக்கைத் துடைத்தார்.

"இது அதிகம்," என்றார். "ரொம்ப அதிகம்."

நான் கை கூப்பினேன்.

"எதைவிட அதிகம்னு மாண்புமிகு வாரியம் சொல்லணும்," என்று தரையிலிருந்து வக்கீலின் குரல் வந்தது.

சட்டத்தை எடுத்துப் பார்த்தார்கள். பொறுக்கத்தக்க அளவு என்று மட்டும் இருந்தது. எவ்வளவு என்று இல்லை. வலியை எதால் அளப்பது என்றும் இல்லை. அளவு இல்லாமல் மீறல் இல்லை என்றார் வக்கீல். தலைவி என்னைப் பார்த்தார். அவர் கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

"இறந்தவங்க பேர் என்ன?"

சொன்னேன்.

அந்த அறையில் அப்போது இருந்த முழு வலியையும் ஒரு தைலம்மாள் என்று கொள்வதென்று முடிவு செய்தார்கள். அடுத்து எல்லை. வக்கீல் நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு தைலம்மாளை நாம் அனைவரும் இப்போது அனுபவித்தோம், அனைவரும் உயிரோடு இருக்கிறோம், ஆகவே அது பொறுக்கத்தக்கதே என்றார். எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். இருந்தாலும் பாதுகாப்புக் கருதிக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று தலைவி கண்டிப்பாகச் சொன்னார். அரை கூட்டி, எல்லையை ஒன்றரை என்று வைத்தார்கள்.

ஒன்று ஒன்றரையைவிடக் குறைவு. உறைகள் எனக்குத் திரும்பி வரவில்லை. வழக்கு முடிந்ததும் சோதனைக் கூடத்தில் இருந்த பேச்சை விதிப்படி அழித்துவிட்டார்கள். குணாளனின் தேதி அந்தச் சித்திரையில் முடிந்தது. காலாவதியான சரக்கைக் கடையில் திரும்ப எடுப்பதில்லை. அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தேன்.

இப்போது பருத்தி போடுவதை விட்டுவிட்டேன். வீட்டுக்குக் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கிறேன். போன வாரம் தண்டுப்புழுவுக்கு ஒரு புட்டி வாங்கினேன். மூடி இறுக்கமாக இருந்தது. தாளின் பின்பக்கம், பொடி எழுத்தில், பருத்திக்கு ஏக்கருக்கு ஒன்றரைத் தைலம்மாள், நிலக்கடலைக்கு முக்கால், கத்தரிக்குக் காய் பறிக்கும் பருவத்தில் கால் தைலம்மாளுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பெயரில் அச்சுப் பிழை எதுவும் இல்லை.